சரிவு தந்த வேகம்

ஒருவன் அரிய செயல் ஒன்றைச் செய்து முடிக்கிறான். சுற்றியிருப்போர் பாராட்டுகின்றனர். 'இது என் உழைப்பின் பயன்' என்று அவன் உள்ளம் சொல்லிக்கொள்கிறது. இவ்வாறு சொல்வதில் தவறு என்ன இருக்கிறது? உழைத்தவன் அவன்தானே? வியர்வை சிந்தியவன் அவன்தானே?

கேட்பதற்கு எளிய கேள்வி. ஆனால் சற்று நின்று சிந்தித்தால் அதன் ஆழம் புலப்படும். ஒரு செயலில் அதைச் செய்தவனுக்கு உரிய பங்கு எவ்வளவு? அவன் கேளாமலே அவனுக்கு வந்து வாய்த்தவற்றின் பங்கு எவ்வளவு? இவ்விரண்டையும் பிரித்தறிய முடியுமா? முடியாதெனில், புகழை ஏற்றுக்கொள்ளும்போதும் பிறரை எடைபோடும்போதும் நாம் எவ்வாறு நடந்துகொள்வது?

இந்த வினாவுக்கு விடை தேடப் பெரிய தத்துவ நூல்களிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதில்லை. மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கும் ஒரு சாலையில், ஆற்றின் கரையோரமாக நடைபெறும் ஓர் ஓட்டப் பந்தயமும் நம்மை இதே வினாவின்முன் கொண்டுவந்து நிறுத்துகிறது.

ஆற்றோடு சேர்ந்து ஓடுவோர்

அமெரிக்க நாட்டின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத்தொடரின் உயரங்களில் கேஷ் லா பூடர் என்னும் ஆறு பிறக்கிறது. சிகரங்களில் உறைந்து கிடக்கும் பனி உருகுவதே அதன் நீர்வளம். சுமார் 200 கி.மீ. தூரம் பாய்ந்து, கிரீலி நகருக்குக் கிழக்கே அது தெற்கு பிளாட் ஆற்றில் கலக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பனிப்புயலில் சிக்கிக்கொண்ட பிரெஞ்சு மொழி பேசும் வணிகர் சிலர், வண்டியின் பாரத்தைக் குறைப்பதற்காக வெடிமருந்தை இதன் கரையில் ஒளித்து வைத்தார்கள் என்றும், அதனால்தான் ஆற்றுக்கு இப்பெயர் வந்தது என்றும் அப்பகுதி மக்கள் கூறுவர். 'வெடிமருந்தை ஒளித்து வை' என்பதே பெயரின் பொருள். 1986ஆம் ஆண்டில் இவ்வாற்றின் ஏறத்தாழ 120 கி.மீ. நீளப் பகுதி, இயற்கை எழில் குன்றாமல் காக்கப்பட வேண்டிய ஆறாக அந்நாட்டுச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்டது. அம்மாநிலத்தில் அச்சிறப்பைப் பெற்ற ஒரே ஆறு இதுதான்.

பல்லாயிரம் ஆண்டுகளாகப் பாறையை அறுத்து இந்த ஆறு தனக்கென ஒரு பள்ளத்தாக்கை அமைத்துக்கொண்டுள்ளது. இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர்கள். அவற்றின் இடுக்குகளில் ஊசியிலை மரங்கள். அடியில் நுரைத்தோடும் நீர். நீரை ஒட்டியே வளைந்து வளைந்து செல்லும் ஒரு சாலை. மே மாதத் தொடக்கத்தில் கொலராடோ மாரத்தான் ஓட்டம் இச்சாலையில்தான் நடைபெற்று வருகிறது. இருள் விலகுமுன்பே ஓட்டக்காரர்களைப் பேருந்துகளில் ஏற்றிப் பள்ளத்தாக்கின் மேற்பகுதிக்குக் கொண்டு செல்கிறார்கள். அங்கிருந்து ஆற்றின் போக்கிலேயே கீழ்நோக்கி ஓடி, சமவெளியிலுள்ள ஃபோர்ட் காலின்ஸ் நகரில் ஓட்டத்தை முடிக்க வேண்டும். தூரம், எல்லா மாரத்தான்களையும் போலவே, 42.195 கி.மீ.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் தொடங்கும் ஓட்டம் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் முடிகிறது. தொடக்கத்திலிருந்து முடிவு வரை மொத்த இறக்கம் சுமார் 1,100 முதல் 1,200 அடி. கண்ணுக்கு எளிதில் புலப்படாத மென்மையான சரிவுதான்; ஆனாலும் கால்கள் அதை அறியும். இன்னொன்றும் உண்டு. மலைப் பள்ளத்தாக்குகளில் இரவெல்லாம் குளிர்ந்து கனத்த காற்று, நீரைப் போலவே கீழ்நோக்கி வழியும். வெயில் ஏறிப் பாறைகள் சூடாகும் வரை பெரும்பாலும் இந்த நிலை நீடிக்கும். எனவே விடியற்காலையில் கீழ்நோக்கி ஓடுபவனுக்குச் சரிவு மட்டுமன்றிக் காற்றும் பின்னாலிருந்து துணைசெய்யக்கூடும். முன்னால் ஓடும் ஆறோ வழிகாட்டி போல் சென்றுகொண்டே இருக்கிறது.

இத்தகைய பாதையில் ஓடியவர்களில் பலர், தம் வாழ்நாளிலேயே மிகக் குறைந்த நேரத்தில் மாரத்தானை முடித்த மகிழ்ச்சியுடன் இல்லம் திரும்புகின்றனர். அந்த நேரம் யாருடையது? ஓடியவருடையதா? சரிவினுடையதா?

விதிகளின் தயக்கம்

ஓட்டப் பந்தயங்களை நெறிப்படுத்துவோருக்கும் இக்கேள்வி எழுந்தது. உலகச் சாதனையாக ஒரு நேரத்தை ஏற்பதற்கு உலகத் தடகள அமைப்பு இரண்டு நிபந்தனைகளை வைத்துள்ளது. தொடக்கத்திற்கும் முடிவிற்கும் இடைப்பட்ட இறக்கம் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற சராசரி அளவைத் தாண்டக்கூடாது. அதாவது மாரத்தான் முழுவதிலும் 42 மீட்டர் மட்டுமே இறங்கலாம். மேலும் தொடக்கத்திற்கும் முடிவிற்கும் இடையிலுள்ள நேர்க்கோட்டு இடைவெளி, பந்தயத் தூரத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. ஒரே திசையில் நெடுந்தூரம் ஓடினால், பின்னிருந்து வீசும் காற்று வழியெல்லாம் உந்திவிடும் என்பதே இரண்டாவது நிபந்தனைக்குக் காரணம்.

2011ஆம் ஆண்டு ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானில் கென்ய நாட்டு வீரர் ஜெஃப்ரி முத்தாய் 2 மணி 3 நிமிடம் 2 வினாடிகளில் ஓடி முடித்தார். அதுவரை எந்த மனிதரும் அத்துணை விரைவாக மாரத்தான் தூரத்தைக் கடந்ததில்லை. அன்றைய உலகச் சாதனையை விட அது 57 வினாடிகள் குறைவு. ஆயினும் அது உலகச் சாதனையாக ஏற்கப்படவில்லை. பாஸ்டன் பாதை சுமார் 140 மீட்டர் இறங்குகிறது. ஏறக்குறைய ஒரே திசையில் செல்கிறது. அன்று காற்றும் பின்னாலிருந்து வீசியது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். முத்தாய் ஓடவில்லை என்று எவரும் சொல்லவில்லை. வெற்றி அவருடையதுதான்; பரிசும் அவருடையதுதான். உலகச் சாதனை என்ற பெயர் மட்டுமே மறுக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில், ஏற்ற இறக்கங்கள் நிறைந்த நியூயார்க் மாரத்தானிலும் அவர் வென்றார்; அந்தப் பாதையில் அதுவரை எவரும் ஓடாத வேகத்தில் 2 மணி 5 நிமிடம் 6 வினாடிகளில் ஓடி முடித்தார். காற்றும் சரிவும் அவருக்கு உதவின என்பது உண்மை. அவை இல்லாமலும் அவர் பெரிய வீரர் என்பதும் உண்மை. ஓர் உண்மை மற்றொன்றை அழித்துவிடவில்லை.

அண்மையில் இன்னொரு மாற்றமும் வந்துள்ளது. பாஸ்டன் மாரத்தானில் கலந்துகொள்ள வேறொரு மாரத்தானில் குறிப்பிட்ட நேரத்திற்குள் ஓடித் தகுதி பெற வேண்டும். அத்தகுதிக்காகப் பலர் மலையிறக்கப் பாதைகளைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினர். எனவே 2027ஆம் ஆண்டுப் பந்தயத்திலிருந்து ஒரு புதிய விதி நடைமுறைக்கு வரும் என்று அப்பந்தயத்தை நடத்துவோர் 2025இல் அறிவித்தனர். 1,500 அடி முதல் 2,999 அடி வரை இறங்கும் பாதையில் ஓடியவரின் நேரத்துடன் 5 நிமிடமும், 3,000 அடி முதல் 5,999 அடி வரை இறங்கும் பாதையில் ஓடியவரின் நேரத்துடன் 10 நிமிடமும் சேர்த்துக் கணக்கிடப்படும். 6,000 அடியும் அதற்கு மேலும் இறங்கினால் அந்த நேரம் கணக்கிலேயே கொள்ளப்படாது.

பூடர் பள்ளத்தாக்கின் இறக்கம் 1,500 அடிக்குக் குறைவு. ஆதலால் பாஸ்டன் விதியின்படி அங்கே ஓடியவரின் நேரம் முழுவதும் அவருடையதே. உலகச் சாதனை விதியின்படியோ அப்பாதை அனுமதிக்கப்பட்டதைப் போல் ஏறத்தாழ எட்டு மடங்கு இறங்குகிறது. ஒரே ஓட்டம், ஒரே மனிதன், ஒரு விதி 'உன்னுடையது' என்கிறது, மற்றொன்று 'முழுவதும் உன்னுடையதன்று' என்கிறது. பெற்றதற்கும் செய்ததற்கும் நடுவே கோடு கிழிக்க மனிதர்கள் முயல்கின்றனர். அக்கோடு நடைமுறைத் தேவைக்காக நாம் வரைந்துகொண்டது. இயற்கை அப்படி ஒரு கோட்டை வரைந்து வைக்கவில்லை.

சரிவு இலவசமன்று

'சரிவில் ஓடுவதெல்லாம் ஓர் ஓட்டமா?' என்று சிலர் எள்ளி நகையாடுவதுண்டு. அதுவும் அறியாமையே.

கீழ்நோக்கி ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் தொடையின் முன்புறத் தசைகள் உடலின் பாரத்தைத் தாங்கித் தடுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. சாதாரணமாகத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறக்கத்திலோ நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. இவ்வாறு தாங்கும்போது தசை நார்களில் நுண்ணிய சேதங்கள் உண்டாகின்றன. அதன் வலி உடனே தெரிவதில்லை; ஓரிரு நாள் கழித்தே உச்சத்தை அடையும். முன்கூட்டியே இறக்கங்களில் ஓடிப் பழகிய கால்களுக்கு இச்சேதம் கணிசமாகக் குறைகிறது. பழகாதவனோ முதல் 20 கி.மீ. தூரத்தைப் பறவை போல் பறந்து கடந்துவிட்டு, கடைசிப் பத்துக் கிலோமீட்டரில் கால்கள் மரத்துப்போய் நிற்க நேரிடும். பூடர் பள்ளத்தாக்கின் உயரத்தில் காற்றும் மெல்லியது. மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு கடலோரத்தில் கிடைப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மலை ஒரு கையால் கொடுக்கிறது; மறு கையால் எடுத்துக்கொள்கிறது.

வாழ்க்கையில் வாய்க்கும் வசதிகளும் இப்படிப்பட்டவையே. அவற்றை ஏற்றுப் பயன்படுத்தவும் ஒரு பயிற்சி, ஒரு கட்டுப்பாடு வேண்டும். எனவே 'சரிவுதான் ஓடியது, அவன் ஓடவில்லை' என்பது பொய். 'அவன் மட்டுமே ஓடினான்' என்பதும் பொய். முதலாவது பிறர் வெற்றியைக் காணும்போது நம் பொறாமை சொல்லும் பொய். இரண்டாவது நம் வெற்றியைக் காணும்போது நம் அகங்காரம் சொல்லும் பொய். இரண்டும் ஒரே நாவிலிருந்து புறப்படுகின்றன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பாதை அமைத்த கைகள்

சரிவை மலை தந்தது. அச்சரிவில் ஓடுவதற்கு ஏற்ற பாதையைத் தந்தது யார்?

பூடர் பள்ளத்தாக்கின் சாலை தானாக அமைந்ததன்று. 1910களில் அதை அமைக்கும் பணியில் சிறைக் கைதிகள் ஈடுபடுத்தப்பட்டனர். பாறையை உடைத்து, கல்லைச் சுமந்து, ஆற்றுக்கும் மலைச்சுவருக்கும் இடையே ஓர் ஒடுங்கிய வழியை அவர்கள் உண்டாக்கினர். பாதை போக இடமில்லாத ஓரிடத்தில் பாறையையே குடைந்து வழி செய்தனர். அக்குடைவழி இன்றும் இருக்கிறது. அவர்கள் செய்த குற்றங்கள் எவையாயினும், தாம் அமைத்த சாலையில் விரும்பிய திசையில் நடந்து செல்லும் உரிமை அன்று அவர்களுக்கு இல்லை. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், உலகின் பல பகுதிகளிலிருந்து வந்தவர்கள் அவ்வழியே மகிழ்ச்சியுடன் ஓடுகின்றனர். முடிவுக் கோட்டில் நேரம் காட்டும் கருவியில் ஓடியவரின் பெயர் தோன்றுகிறது. கல்லுடைத்தவரின் பெயர் எங்கும் தோன்றுவதில்லை.

ஆற்று நீரின் வரலாறும் நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. 1870இல் கிரீலியில் குடியேறியவர்கள் பூடர் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டிப் பயிர் செய்தனர். சில ஆண்டுகளில் ஆற்றின் மேற்பகுதியில் ஃபோர்ட் காலின்ஸ் மக்களும் வாய்க்கால் வெட்டினர். 1874இல் வறட்சி வந்தது. மேலே இருந்தவர்கள் நீரை எடுத்துக்கொள்ள, கீழே இருந்தவர்களின் பயிர் வாடியது. பெரும் பூசல் மூண்டது. முதலில் நீரை எடுத்துப் பயன்படுத்தியவருக்கே முதல் உரிமை என்ற கொள்கை, 1876இல் இயற்றப்பட்ட கொலராடோ அரசியலமைப்பில் இடம்பெற்றதற்கு இப்பூசலும் ஒரு காரணமாயிற்று.

நீரைப் பங்கிட ஏதேனும் ஒரு விதி வேண்டும். விதியில்லாத இடத்தில் வலியவன் எடுத்துக்கொள்வான். ஆகவே இதைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முதலில் எடுத்தவர் யார் என்று சட்டம் கேட்கிறது. கொடுத்தது யார் என்று அது கேட்பதில்லை, கேட்கவும் இயலாது. சிகரத்தில் பனியைப் பொழிந்த வானத்திற்கு எந்தப் பதிவேட்டிலும் பெயரில்லை. அக்கேள்வியைக் கேட்கும் பொறுப்பு மனிதனின் மனச்சாட்சிக்கு விடப்பட்டுள்ளது. சட்டப்படி என்னுடையது என்பதும், நானே உண்டாக்கியது என்பதும் வெவ்வேறு. முதலாவதை நிரூபித்துவிட்டு இரண்டாவதையும் நிரூபித்துவிட்டதாக எண்ணும்போதுதான் நம் அறிவு மயங்குகிறது.

எதிர்க்காற்று மட்டும் நினைவில் நிற்பது ஏன்?

பின்னாலிருந்து வீசும் காற்றை ஓடுபவன் உணர்வதில்லை. அவன் முன்னே செல்லச் செல்ல, காற்றே இல்லாதது போல் தோன்றும். அதே காற்று திசை மாறி முகத்தில் அடித்தாலோ ஒவ்வொரு கணமும் உணர்வான். 2016ஆம் ஆண்டு ஷாய் டேவிடாய், தாமஸ் கிலோவிச் என்னும் இரு உளவியலாளர்கள் இவ்வுவமையையே தங்கள் ஆய்வுக்குப் பெயராகச் சூட்டினர். மக்கள் தாங்கள் சந்தித்த தடைகளை எளிதில் நினைவுகூர்கின்றனர். தங்களுக்குக் கிடைத்த உதவிகளை அவ்வளவு எளிதில் நினைவுகூர்வதில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு.

இதில் வியப்பில்லை. தடையை நாம் போராடிக் கடக்க வேண்டியிருக்கிறது. அதனால் அது மனத்தில் பதிகிறது. உதவியை எதிர்த்துப் போராட வேண்டியதில்லை. அதனால் அது தடமின்றிப் போகிறது. இதன் விளைவு என்ன? ஒவ்வொருவனும் தன் வாழ்க்கையை நினைக்கும்போது அதை ஓர் ஏற்றமாகவே காண்கிறான். அயலான் வாழ்க்கையை நோக்கும்போது அதில் இறக்கங்களையே காண்கிறான்.

படித்த குடும்பத்தில் பிறந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். வீட்டில் நூல்கள் இருந்தன. பாடத்தில் ஐயம் எழுந்தால் தீர்த்து வைக்கத் தந்தை இருந்தார். தேர்வுக் காலத்தில் நள்ளிரவில் பால் காய்ச்சிக் கொடுக்கத் தாய் இருந்தார். அவரும் உழைத்தார், இரவு பகலாகப் படித்தார், உயர்ந்த பதவியை அடைந்தார். இப்போது அவர் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணின் மகன் பத்தாம் வகுப்பில் தோற்றுவிடுகிறான். 'நான் தெருவிளக்கு அளவு வெளிச்சத்தில் படித்து முன்னேறினேன். இவனுக்கு என்ன கேடு?' என்று அவர் சொல்கிறார். அவர் சொல்வது முழுப் பொய்யன்று. மின்சாரம் நின்ற இரவுகள் உண்மை. ஆனால் அந்த இரவுகளில் விளக்கைப் பிடித்துக்கொண்டு அருகில் நின்றவரை அவர் மறந்துவிட்டார். அந்த மறதி அவரோடு முடிந்துவிடவில்லை. அது ஒரு சிறுவன்மேல் தீர்ப்பாக விழுகிறது. அவன் அதை நம்பியும் விடுகிறான். 'நான் உதவாக்கரை' என்ற எண்ணம் அவனுள் வேர்விடுகிறது. அகங்காரம் அதை உடையவனுக்கு மட்டும் தீங்கு செய்வதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அதன் முதல் அடி அருகிலிருக்கும் எளியவன்மேல்தான் விழுகிறது.

ஐந்தில் ஒன்று

செயலையும் செய்பவனையும் பற்றி நம் நாட்டுச் சிந்தனை நெடுங்காலமாக ஆராய்ந்துள்ளது. பகவத்கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் எந்தச் செயலுக்கும் ஐந்து காரணங்கள் உண்டு என்கிறது: செயலுக்கு இடமாகிய உடல், செய்பவன், பலவகைக் கருவிகள், பல்வேறு முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். இதை நம் ஓட்டக்காரனுக்குப் பொருத்திப் பார்க்கலாம். அவனுக்கு வாய்த்த உடல் ஒன்று. ஓட வேண்டும் என்று முடிவு செய்த அவன் ஒன்று. கால்களும் நுரையீரலும் கண்களும் ஒன்று. ஒவ்வோர் அடியும் ஒவ்வொரு மூச்சும் ஒன்று. ஐந்தாவதில், அவன் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட அனைத்தையும் சேர்த்து எண்ணலாம்: சரிவு, காற்று, அன்றைய வானிலை, பாறையை அறுத்த ஆறு.

இக்கணக்கில் செய்பவன் நீக்கப்படவில்லை என்பது கருதத்தக்கது. 'நீ ஒன்றுமில்லை' என்று அது சொல்லவில்லை. ஐந்தில் ஒருவனாக அவனுக்கும் இடம் தருகிறது. ஐந்தையும் தானே என்று அவன் கொள்ளும்போது மட்டும் அவன் பார்வை பழுதுபட்டது என்கிறது. பணிவு என்பது தன்னைப் பூஜ்யமாக எண்ணுவதன்று. தன்னைச் சரியாக எண்ணுவது. கணக்கைக் குறைத்துக் காட்டுவதும் கூட்டிக் காட்டுவதைப் போலவே பொய்க் கணக்குத்தான்.

பழியையும் பங்கிடலாமா?

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் எழுகிறது. புகழைச் சரிவுக்கும் காற்றுக்கும் பங்கிட்டுக் கொடுக்கலாம் என்றால், பழியையும் அவ்வாறே பங்கிடலாம் அல்லவா? திருடியவன், 'என் பிறப்பும் வளர்ப்பும் என்னைத் திருட வைத்தன' என்பான். கடமை தவறியவன், 'சூழ்நிலை என்னை இழுத்துச் சென்றது' என்பான். அப்போது பொறுப்பு என்பதே உலகில் இல்லாமல் போய்விடுமே!

இந்த ஆட்சேபத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பள்ளத்தாக்கையே மீண்டும் நோக்குவோம். சரிவு எவருக்கும் உறவினன் அல்லன். 2020ஆம் ஆண்டில் கேமரன் சிகரக் காட்டுத்தீ பூடர் ஆற்றுப் பகுதியில் பெரும் பரப்பை எரித்தது. கொலராடோவின் பதிவு செய்யப்பட்ட வரலாற்றில் அதுவே மிகப்பெரிய காட்டுத்தீ. மண்ணைப் பிடித்து வைக்கும் மரங்கள் அழிந்தன. 2021 ஜூலையில் அந்த எரிந்த மலைச்சரிவில் பெருமழை கொட்டியது. சேறும் கல்லும் கருகிய மரங்களும் வெள்ளமாகப் பள்ளத்தாக்கில் பாய்ந்தன. வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன, உயிர்களும் மாண்டன. ஓட்டக்காரனுக்கு வேகம் தருகிற அதே ஈர்ப்பு விசைதான் அன்று சேற்றுக்கும் வேகம் தந்தது. சரிவுக்கு அன்பும் இல்லை, பகையும் இல்லை. அதைப் புகழவும் முடியாது, பழிக்கவும் முடியாது.

ஆகவே, சரிவு என்னுடையதன்று. சரிவில் நான் எடுத்துவைக்கும் அடி என்னுடையது. தொடக்கத்திலேயே கட்டுப்பாடின்றிப் பாய்ந்து, பின்னர்த் தசைகள் தளர்ந்து நின்றவன் 'சரிவு என்னை ஏமாற்றிவிட்டது' என்று சொல்ல முடியாது. சரிவு இழுத்தது உண்மை. அடியெடுத்து வைத்தவன் அவன். என் கையில் இருந்த பங்கு சிறியதாக இருக்கலாம். ஆனால் அந்தச் சிறு பங்கு முழுவதும் என் பொறுப்பு. இதனால்தான் மற்ற காரணங்களைப் பேசுவது நம் தவற்றை விளக்க உதவுமே தவிர, அழிக்க உதவாது.

இதிலிருந்து நடைமுறைக்கு உரிய ஒரு நெறி கிடைக்கிறது. என் வெற்றியைப் பற்றிப் பேசும்போது, நான் பெற்றவற்றை முதலில் எண்ண வேண்டும். என் தவற்றைப் பற்றிப் பேசும்போது, நான் எடுத்துவைத்த அடியை முதலில் எண்ண வேண்டும். பிறர் விஷயத்தில் இந்த வரிசை மாறும்: அவர்கள் வெற்றி பெற்றால் அவர்கள் உழைப்பையும், தவறினால் அவர்கள் ஏற வேண்டியிருந்த மேட்டையும் முதலில் எண்ண வேண்டும். இது பாரபட்சம் அன்றோ என்று தோன்றலாம். நம் மனம் இயல்பாகவே எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது. சாய்ந்த தராசை நேராக்க மறுதட்டில் சற்று எடை வைக்கத்தான் வேண்டும்.

சரிவைத் தேர்வது குற்றமா?

மற்றொரு வினாவும் உண்டு. இவ்வளவும் உண்மையானால், எளிய பாதையைத் தேர்ந்தெடுப்பதே தவறாகுமா? வசதியுள்ள வீட்டில் பிறந்தவன் குற்ற உணர்வோடு வாழ வேண்டுமா?

வேண்டியதில்லை. பள்ளத்தாக்கில் ஓடுபவர் எவரையும் வஞ்சிக்கவில்லை. பாதையின் இறக்கம் எல்லோருக்கும் தெரிந்ததே; அனைவரும் ஒரே சரிவில்தான் ஓடுகின்றனர். தம் குழந்தையை நல்ல பள்ளியில் சேர்க்கும் பெற்றோரும் ஒரு சரிவையே தேர்ந்தெடுக்கின்றனர். அதில் பாவம் எதுவும் இல்லை. குற்ற உணர்வும் கூர்ந்து நோக்கினால் 'நான்' என்பதையே சுற்றிச் சுற்றி வரும் ஓர் உணர்வுதான். அதனால் எந்த எளியவனுக்கும் பயன் இல்லை. தவறு சரிவில் ஓடுவதில் இல்லை. ஓடி முடித்தபின் கதை சொல்லும்போது சரிவை விட்டுவிடுவதில் இருக்கிறது. பெற்றது குற்றமன்று, பெற்றதை மறைப்பதும் மறப்பதுமே குற்றம்.

'புகழைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டால் உழைக்கும் ஊக்கம் போய்விடாதா?' என்றும் சிலர் அஞ்சுவர். இறக்கப் பாதை என்று தெரிந்தும் மாதக் கணக்கில் அதிகாலையில் எழுந்து பயிற்சி செய்பவர்களைப் பாருங்கள். சரிவு இருக்கிறது என்ற அறிவு அவர்களைச் சோம்பேறிகளாக்கவில்லை. அந்தச் சரிவுக்குத் தகுதியான கால்களை உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்ற முனைப்பையே அது தந்தது. பெற்றதை அறிந்தவன் அதை வீணாக்க அஞ்சுவான். எல்லாம் தன்னுடையதே என்று எண்ணுபவனுக்கு அந்த அச்சம் இல்லை.

நாம் செய்யத்தக்கது

அப்படியானால் நம் கடமை என்ன? மூன்று சிறிய பழக்கங்களை நாம் மேற்கொள்ளலாம்.

முதலாவது, கணக்கெடுத்தல். ஒரு செயல் நன்றாக முடிந்த நாளில், அது நடைபெறத் துணைநின்ற மூன்று பேரையாவது, அவர்களில் ஒருவர் நாம் முகம் அறியாதவராக இருக்கும்படி, எண்ணிப் பார்க்கலாம். பேருந்தை இருளில் ஓட்டி வந்தவர், வழியில் நின்று தண்ணீர்க் கோப்பையை நீட்டியவர், சாலையில் கல்லுடைத்தவர். இவ்வெண்ணம் நம் உழைப்பின் பங்கைச் சிறிதும் குறைக்காது. அதன் உண்மையான அளவைக் காட்டும்.

இரண்டாவது, தீர்ப்பைத் தாமதித்தல். பின்தங்கியவன் ஒருவனைக் குறித்து ஒரு சொல் நாவில் எழும்போது, 'இவன் எந்தப் பாதையில் ஓடி வந்தான்?' என்று ஒரு கணம் கேட்டுக்கொள்ளலாம். விடை தெரியாவிட்டால் மௌனம் காக்கலாம். அவன் முயற்சியைத் தூண்டும் சொல் இருந்தால் அதைச் சொல்லலாம். அவனும் ஐந்தில் ஒருவன். அவன் அடி அவனுடையது என்பதையும் நினைவூட்டலாம்.

மூன்றாவதே முக்கியமானது: பிறருக்குச் சரிவு அமைத்தல். நாம் பெற்றதை, தந்தவர்களிடமே திருப்பிக் கொடுக்க இயலாது. மலைக்கு என்ன கொடுப்பது? மறைந்துபோன கைதிகளுக்கு எவ்வாறு கைம்மாறு செய்வது? ஆனால் பின்னால் வருபவனின் பாதையில் ஒரு கல்லை அகற்ற முடியும். தோற்றுப்போன அந்தச் சிறுவனை மாலையில் ஒரு மணி நேரம் அழைத்து உட்கார வைத்துப் பாடம் சொல்லிக் கொடுக்க முடியும். அவன் நாளை தேறும்போது, 'என் உழைப்பால் தேறினேன்' என்று சொல்லக்கூடும்; நம் பெயரை மறந்துவிடவும் கூடும். அதனால் என்ன? நமக்குப் பாதை அமைத்தவர்களின் பெயரும் நமக்குத் தெரியாதுதானே?

முடிவுக் கோட்டைக் கடந்தவன் சற்று நின்று, தான் இறங்கி வந்த மலையைத் திரும்பிப் பார்க்கட்டும். தன் கால்களைக் கண்டு மகிழட்டும். அது அவன் உரிமை. மலையையும் கண்டு வணங்கட்டும். அது அவன் கடன். இவ்விரண்டையும் ஒருசேரச் செய்யத் தெரிந்தவனுக்கு வெற்றி பாரமாவதில்லை.